பனிக்கடலில் ஆட்டுக்கிடை

வேதமுத்து சாரின் வயல் கடலுக்குள் கிடந்தது.

மணப்பாட்டுக் கடல், தூத்துக்குடிக் கடல் என்றாலாவது ஒரு ஆறுதல் இருக்கும். இது வட துருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கட்டி மிதக்கிற கடல். அதன் நட்டநடுவில் ஒரு பச்சைப் புள்ளியாக ராயகிரி வயல். ஆசிர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓடுகிற ஓட்டத்தில் கம்ப்யூட்டர் திரை லேசாக ஆடியது. வயல் மட்டும் அங்கேயேதான் இருந்தது.

போன் அடித்தது.

"தம்பி, நான் மாரிராஜ் பேசுதேன். ஆட்டைப் பத்திக்கிட்டு சிவகிரி தாண்டிட்டேன். வயல் எங்கனன்னு போனைப் பாத்தா ஒரே நீலமாக் காட்டுது. எட்டாயிரம் கிலோமீட்டர் போகணுமாம். செம்மறி அம்புட்டுத் தூரம் தாங்காது தம்பி."

"அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. அஞ்சே நிமிசம்!"

சங்கரன்கோவிலில் தறிக்கூடத்து மாடியில் இயங்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் தொழிலே இதுதான். அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளைப் படுக்க வைத்து ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடை வேண்டும் என்கிறவர் தன் வயலில் நின்று போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். இடத்தின் இரண்டு எண்களும் கம்பெனிக்கு வரும். அவற்றை எங்கோ இருக்கிற கிளவுட் டேட்டாபேஸில் ஏற்றினால், ஆட்டுக்காரரின் போனில் வழி தெரியும். ஏற்றுவது ஆசிரின் வேலை.

போன் வடக்கு எண்ணை முதலில் சொல்லும். டேட்டாபேஸ் கிழக்கு எண்ணைத்தான் முதலில் கேட்கும். மூன்று வருஷமாகத் தப்பாத கை, இன்றைக்குப் பார்த்து இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தது.

கை தப்பியதற்குக் காரணம் ஜெனிபா. சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். அவளைப் பெண் கேட்டு ஆசிர் வீட்டார் போனபோது, அவளுடைய அப்பா வேதமுத்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"படத்துல புள்ளி வைக்கதெல்லாம் ஒரு வேலையாவே?"

பிறகு அவரே ஒரு பரீட்சையும் வைத்தார். அவர் வயலுக்கு ஆசிரின் படத்தை நம்பியே கிடை வந்து சேர வேண்டும். ஆட்டுக்காரர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். யாரும் சாருக்குப் போன் போட்டு வழி கேட்கக் கூடாது. பொழுது அடைவதற்குள் ஆடு வயலில் படுத்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்கப்படும். இல்லாவிட்டால் வேறு மாப்பிள்ளை. கழுகுமலைப் பக்கத்து மாரிராஜுக்கு ராயகிரியில் ஒரு தெருகூடத் தெரியாது. ஆசிரின் வாழ்க்கை முழுக்க இப்போது அந்தச் செம்மறிகளின் கால்களில் இருந்தது.

எண்களை இடம் மாற்று என்று டேட்டாபேஸுக்கு ஒரே வரியில் கட்டளை எழுதினான். வேதமுத்து சாரின் வயல் கடலை விட்டு எழுந்து ராயகிரிக்கு வந்து உட்கார்ந்தது. "ஸ்தோத்திரம்!" என்றான் வாய்விட்டு.

பக்கத்து மேசையிலிருந்து ஷீஜா அலறினாள்.

"ஏலே ஆசிர்! புளியங்குடி எங்கலே போச்சு?"

'அந்த ஒரு வயலுக்கு மட்டும்' என்று கட்டளையில் சேர்க்க வேண்டியதை அவசரத்தில் விட்டிருந்தான். டேட்டாபேஸ் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. இருந்த வயல் அத்தனையையும் மாற்றிப் போட்டுவிட்டது. புளியங்குடி எலுமிச்சைத் தோட்டம், கரிவலம்வந்தநல்லூர் நஞ்சை, திருவேங்கடத்துக் கரிசல் எல்லாம் பனிக்கடலில் வரிசையாக மிதந்தன.

மூன்று போன்கள் ஒரே சமயத்தில் அடித்தன.

உண்மையைச் சொன்னால், ஆசிருக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. ஊர் பூராவும் கடலில் கிடந்தால் என்ன, ஒரு சாயங்காலம்தானே? நம்ம வயல் கரையேறிவிட்டது. மாரிராஜ் போய்ச் சேர்கிறவரைக்கும் இப்படியே விட்டுவிட்டால்?

அவன் அந்தச் சபலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, ஷீஜா அதே கட்டளையை இன்னொரு தடவை ஓட்டிவிட்டாள்.

"எல்லாம் திரும்பி வந்துட்டு!" என்றாள் பெருமையாக.

எல்லாம் வந்துவிட்டது. வேதமுத்து சாரின் வயல் மட்டும் மறுபடி கடலுக்குப் போயிருந்தது.

"ஏட்டி, என் குடியைக் கெடுத்தியே!" என்று ஆசிர் பதறிப்போய் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டினான். அதே நொடியில் போனில் யாரோ திட்டியதைக் கேட்டு ஷீஜாவும் ஓட்டினாள். இவன் ஓட்ட, அவள் ஓட்ட, சங்கரன்கோவில் வட்டாரத்து நிலங்கள் எல்லாம் வட துருவத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தன.

"தம்பி," என்றார் மாரிராஜ் போனில், "வயல் கரைக்கு வருது, போவுது. நான் என்ன செய்யட்டும்? ஆடு நடுரோட்டுல நிக்கி. பஸ்காரன் வாயில வந்ததெல்லாம் பேசுதான்."

"கைய எடு!" என்று ஷீஜா கத்தினாள். "ரெண்டு பேருமே தொட வேண்டாம். நேத்து ராத்திரி எடுத்த காப்பி கிளவுட்ல இருக்கு. அதைத் திரும்ப ஏத்துதேன்."

நல்ல யோசனை. நேற்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. காப்பி ஏறுகிறவரைக்கும் ஆசிர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். ஏறி முடிந்தது. தோட்டம், நஞ்சை, கரிசல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடலில் ஒரு புள்ளி கிடையாது.

"வேதமுத்து சார் வயலு?"

ஷீஜா தேடினாள். திரும்பவும் தேடினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"அவரு இன்னைக்குக் காலையிலதான பதிஞ்சாரு? நேத்துக் காப்பியில அது எப்படிலே இருக்கும்?"

கடலிலாவது இருந்த வயல் இப்போது உலகத்திலேயே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கும் மிஞ்சவில்லை. போனிலிருந்து வந்த செய்தி ஏற்றியதுமே அழிந்துவிடும்; வயலின் எண்கள் டேட்டாபேஸில் மட்டும்தான் இருந்தன. சாரைக் கேட்டால் பரீட்சையில் தோற்றதாக அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஆசிருக்கு அழுகை வரும்போல இருந்தது.

வேறு வழியில்லாமல் ஜெனிபாவைக் கூப்பிட்டான்.

"ஜெனிபா, உங்க வயலோட லொகேஷன் உடனே வேணும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நம்ம கல்யாணமே இதுலதான் இருக்கு."



"அப்படியா?" என்றாள் ஜெனிபா. "இப்பவே அனுப்புதேன். ஆட்டுக்காரர் நம்பரும் குடுங்க. வழி தெரியலன்னா நானே சொல்லிருதேன்."

என்ன பொறுப்பு! என்ன அக்கறை! ஆசிர் உருகிப்போனான். லொகேஷன் வந்தது. இந்தத் தடவை கிழக்கு முதலில், வடக்கு பிறகு என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஏற்றினான். புள்ளி ராயகிரியில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"இப்ப வழி தெரியுது தம்பி," என்றார் மாரிராஜ். "பக்கத்துலதான்."

ஆசிர் நாற்காலியில் சாய்ந்தான். தேநீர்கூட வந்துவிட்டது. ஷீஜாதான் சும்மா இராமல் அந்தப் புள்ளியைப் பெரிசாக்கி, மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்தாள்.

"ஆசிர், வயலுக்கு நடுவுல ஓட்டு வீடு எதுக்குலே?"

தேநீர் புரைக்கேறியது. ஜெனிபா வீட்டில் இருந்தபடியே, இருந்த இடத்தை அப்படியே அனுப்பியிருக்கிறாள்! மாரிராஜுக்குப் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி போட்டான், எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். வழியில் அவன் செய்த ஜெபங்களில் பாதி ஆடுகள் வழிதவற வேண்டும் என்பது.

ஆடுகள் வழிதவறவில்லை. ராயகிரியில் வேதமுத்து சாரின் வீட்டு முற்றம், சந்து, கார் நிறுத்துகிற இடம் எங்கும் செம்மறி. குரோட்டன்ஸ் தொட்டிகளில் குச்சி மட்டும் நின்றது. ஒரு கிடா வராந்தாவில் ஏறிச் செய்தித்தாளைத் தின்றுகொண்டிருந்தது. நடுவில் நாற்காலி போட்டு, கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு சார் உட்கார்ந்திருந்தார். கதவருகில் ஜெனிபா நின்றிருந்தாள்.

"இதுதான் என் வயலாவே?" என்றார் சார்.

ஆசிர் ஜெனிபாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவள் மேல் போய்விடும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என் மேலதான் சார். நான்தான் புள்ளியை இடம் மாத்தி வச்சிட்டேன். வேற யாரும் காரணம் இல்ல."

சார் காலைக் கீழே இறக்கி, இரண்டு ஆடுகளை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"பொய் சொல்லாதீரும். இவ வீட்டுல இருந்து லொகேஷன் அனுப்பினதை நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பரீட்சைன்னு சும்மா இருந்துட்டேன். இவ பண்ணின தப்பை நீரு உம்ம தலையில போட்டுக்கிட்டீரே! வேலையை எவனும் படிச்சுக்கிடலாம்வே. இந்தக் குணம் எவனுக்கு வரும்? ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கச் சொல்லிருதேன், மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! ஆசிர் இரண்டு கைகளையும் கூப்பினான். ஜெனிபா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். என்ன வெட்கம் இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது. சாரும் சிரித்தபடி உள்ளே போனார்.

வராந்தாக் கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மாரிராஜ், தலையைச் சொறிந்தபடி ஆசிரிடம் வந்தார்.

"அப்போ எதுக்குத் தம்பி அந்தப் பிள்ள எனக்குப் போன் போட்டு, 'ஆடு வயலுக்குப் போயிட்டா அப்பா என்னைய அவருக்கே கட்டி வச்சிருவாவ, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வீட்டுக்கே பத்திட்டு வாங்க'ன்னு அப்படி அழுதுச்சு?"