வியாழக்கிழமை பெஞ்சு

"இனிமே நீங்க வரவேண்டியதே இல்லை, ஜம்புலிங்கம் சார்" என்று மனநல கவுன்சிலர் கார்த்திகா சிரித்தபோது அவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கடல் பயத்தால், படகேறாமல், பாம்பூஃப்ளாட் கரையிலிருந்து எதிர்க்கரை ஆபீசுக்கு இருட்டோடு பஸ் பிடித்து ஊரெல்லாம் சுற்றிப் போன மனிதர், இப்போது படகில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சமோசா தின்கிறார். ஆனால் செவ்வாய்தோறும் லம்பா லைன் பகுதியில் உள்ள இந்த ஆலோசனை அறையில் மட்டும்தான் அவர் ஆரம்பித்த வாக்கியத்தை அவரையே முடிக்க விட்டார்கள். வீட்டில் மனைவி விஜயலட்சுமி பாதியில் பிடுங்கி முடித்துவிடுவாள். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

"மேடம், இன்னொரு பயம் இருக்கு" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை நின்றது. "தேங்காய்."

கார்த்திகாவும் ஜன்னல் பக்கம் திரும்பித் தென்னையைப் பார்த்தாள். "டீக் ஹை, சரி. இனி வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை வாசல் பெஞ்சு கல்யாண வீடுபோல் இருந்தது. பல்லிக்குப் பயந்த ரங்கத் ஊர்க் காண்ட்ராக்டர் எல்லோருக்கும் வடை வாங்கி வந்திருந்தார். மனிதர்களைக் கண்டாலே பயம் என்ற நளினி டீச்சர் வாய் மூடாமல் பேசினாள். ஜம்புலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை, வடை நன்றாயிருந்தது.

தினமும் வீட்டுத் தென்னை மரத்தடியில் உட்காரும்படி கார்த்திகா சொல்லியிருந்தாள். சிகிச்சைக்கு உட்காராவிட்டால் பொய் என்று பிடிபடும். பயப்படாமல் உட்கார்ந்தால் குணமாகிவிட்டது என்று அனுப்பிவிடுவாள். ஆகவே உட்கார்ந்து, வேண்டுமென்றே நடுங்கினார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் விஜயலட்சுமி, காயையெல்லாம் வெட்டித்தள்ள மரமேறியைக் கூப்பிட்டாள்.

கீழே ஆள் யாரும் இருக்கிறார்களா என்று மேலிருந்து குரல் வந்தது.

"கீழே நான்..." என்று ஆரம்பித்தார்.

"பார்த்துக்கிறாராம், நீ வெட்டு" என்று அடுக்களையிலிருந்து முடித்துவைத்தாள் விஜயலட்சுமி.

குலை அவர் கால் பெருவிரலை உரசிக்கொண்டு விழுந்தது. அதன்பிறகு தேங்காய்ச் சட்னியைக் கண்டாலே காலை மடக்கிக்கொண்டார்.

அடுத்த வியாழன் படகில் தேங்காய் மூட்டைகள் ஏற, அவர் கடலோரக் கம்பியோடு ஒண்டிக்கொண்டார். கடல்தான் ஆறுதலாக இருந்தது. வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்து, வாசலில் வரிசைச் சீட்டுக் கொடுக்கும் சொர்ணம்மாவிடம் உடைந்துபோனார்.

"முன்னே சொன்னது பொய்தான், தாயி. இப்போ நெசமாவே பயமா இருக்கு. என்னைய முதல்ல உள்ளே விடு."

சொர்ணம்மா அவர் கையிலிருந்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நெசமாவா? அப்போ செவ்வாய்க்கிழமை வாங்க அண்ணாச்சி. வியாழக்கிழமை, குணமாகியும் போக மனசில்லாதவங்களுக்கு."