தொடலாமா அக்கா

இந்த உலகத்தில் கொசுவைத் தவிர மற்ற எல்லா ஜீவராசிகளிடமும் அனுமதி கேட்டுவிட்டுக் கை வைக்கிற ஒரே ஆள், எங்கள் தெரு தொடலாமா அக்காதான். திருவொற்றியூரில் பிறந்து, நர்ஸ் படிப்பு படித்து, அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனவள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டோடு சரி.

முதல் லீவில் வந்தது இந்தப் பட்டப்பெயர். எதிர்வீட்டுக் கைக்குழந்தை முன்னால் குனிந்து, "பாப்பா, உன்ன தொடலாமா?" என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? பதிலுக்கு வேறு காத்திருந்தாள். குழந்தையின் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"யக்கா, அது பேசறதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆவும். அதுவரிக்கும் நின்னுகினே இருப்பியா?"

"அங்க அப்டிதான். நாடி பாக்கணும்னாலும் கேட்டுட்டுதான் கைய புடிக்கணும். பழகிப்பூடுச்சி," என்றாள் அக்கா.

லீவுக்கு வந்தால் முதல் வேலை, மொட்டை மாடியில் நின்று மணலிப் பக்கமிருந்து வரும் கெமிக்கல் காற்றை நெஞ்சு நிறைய இழுப்பது. "ஹப்பா, வூட்டுக்கு வந்துட்டேன்!" நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைச் சுற்றி உட்காருவோம். அயர்லாந்துக் கச்சேரி ஆரம்பமாகும்.

"எப்டி கீறீங்கன்னு கேட்டா, 'அவ்ளோ மோசமில்ல'ன்றாங்க. காலு ஒடிஞ்சி கட்டு போட்டுகினு கீறாரு, மோசமில்லையாம்! ஊசி குத்தறது நானு, சாரி சொல்றது பேஷண்டு. சாப்டீங்களான்னு கேட்டா, இவ எதுக்கு கேக்கறான்னு முழிக்கறாங்க."

அந்த ஊர்தான் ஒசத்தி என்று பேசுகிற ஜாதியில்லை அவள். நம் ஊரையும் அதே கண்ணால்தான் பார்த்தாள். "அங்க பேஷண்ட பாக்க ரெண்டு பேர் வருவாங்க. இங்க ஒரு வேன் வருது, வாங்கியாந்த ஆப்பிள அவங்களே துன்னுட்டு போறாங்க. எது நல்லதுன்னு எனக்கே தெர்லடா," என்று மோவாயில் கை வைத்து உண்மையாகவே யோசிப்பாள்.

போன லீவில்தான் எங்கள் வீட்டில் அந்தக் கூத்து நடந்தது. அப்பா, மணலியில் டேங்கர் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னிடமும் அம்மாவிடமும் ரகசியம் சொன்னார். நெஞ்சில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. வெளியே வந்ததும் அம்மா அப்பாவிடம், "ஒண்ணுமில்ல, கேஸ் டிரபுளாம்," என்றாள். நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டினேன்.

வினை அங்கேதான் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றால் அப்பா நகரவில்லை. "கேஸுக்கு எவனாவது பெட்டுல போய் படுப்பானா? ஓமத்தண்ணி குடு!" அம்மா அழுதுகொண்டே ஓமத்தண்ணி காய்ச்சினாள். நாட்கள் போயின. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில் அக்கா வந்தாள். சமையலறைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைக் கொட்டினோம். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அங்க பேஷண்டுகிட்டதான் மொதல்ல சொல்வாங்க. பெத்த புள்ள கேட்டாக்கூட, அவரு சொல்ல சொன்னாதான் சொல்வாங்க."

"அங்க கல்லு நெஞ்சுக்காரங்க," என்றாள் அம்மா. "இங்க சொன்னா அப்பவே உயிரு பூடும்."

அக்கா வாதாடவில்லை. "நா அவர ஒரே ஒரு கேள்வி கேக்கட்டுமாம்மா?" என்றாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

அக்கா அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நைனா, ஒன் ஒடம்புல இன்னா கீதுன்னு ஒனக்கு தெரியணுமா, வாணாமா? வாணாம்னா கம்முனு போயிடறேன்."

அப்பா டிவியை அணைத்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"டேங்கர் ஓட்டனவன்மா நானு. உள்ள இன்னா லோடுன்னு சொல்லாம வண்டிய எடுன்னா எடுப்பனா? சொல்லு."

சொன்னாள். எங்கே அடைப்பு, எப்படித் திறப்பார்கள், எவ்வளவு வலிக்கும், எதில் ஆபத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: அப்புறம் கருவாடு சாப்பிடலாமா? "உப்பு ஜாஸ்தி நைனா, கஷ்டம்தான்," என்றாள். அந்த ஒரு செய்திக்குத்தான் அவர் முகம் வாடியது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இவ ஊத்தன ஓமத்தண்ணிலயே போயிருப்பேன்," என்று அம்மாவை முறைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேன் நிறைய ஜனம் வந்து ஆப்பிளைத் தின்றுவிட்டுப் போனது. அப்பா வீடு திரும்பினார். அக்காவுக்கு லீவு முடிந்தது. வாசலில் கார் நிற்க, "நைனா, வரட்டா?" என்று வந்து நின்றாள்.

பெற்ற பிள்ளையான என்னையே, அடிப்பதற்குத் தவிர, எங்கள் அப்பா தொட்டதில்லை. அவர் மெல்ல எழுந்தார்.

"கண்ணு, ஒன் தலைல கைய வைக்கலாமா?"

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். கண்ணில் குபுக்கென்று தண்ணீர்.

"அய்ய, இன்னா நைனா நீ! இதெல்லாமா கேப்பாங்க?" என்றவள், யாரையும் கேட்காமல் அவர் தோளில் சாய்ந்தாள். அப்போதும் தையலில் படாமல் பார்த்துத்தான் சாய்ந்தாள்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் அயர்லாந்தில் ஓர் அக்கா இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.