ஸ்தோத்திரம் அங்கிள்

பிடோக் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அலாரம் வைத்து எழுந்தவர் எவருமில்லை. எட்டாம் மாடி ஸ்தோத்திரம் அங்கிள் காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து, "பரிசுத்தர்! பரிசுத்தர்! பரிசுத்தர்!" என்று முழங்குவார். முதலாவதற்குப் புறா பறக்கும். இரண்டாவதற்குக் குழந்தை அழும். மூன்றாவதற்கு எதிர் புளோக்கில் விளக்கெரியும். துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து கீழே கத்திப் பழகிய தொண்டை அது. பஸ் வந்தாலும் ஸ்தோத்திரம், விட்டுப்போனாலும் ஸ்தோத்திரம்.

ஒருநாள் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அவர், நான், ஒரு சீன ஆண்ட்டி. அங்கிள் இரு கைகளையும் உயர்த்தி, "சர்வ வல்லவரே!" என்றார். ஆண்ட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், முதல்ல பெல்ல அடிங்க!"

"அது கம்பெனிக்கு. இது ஆண்டவருக்கு லா."

லிஃப்ட் தானாகக் கிளம்பியது. அன்று முதல் அவர் வராமல் ஆண்ட்டி லிஃப்டில் ஏறுவதில்லை.

என் மனைவி இறந்த இரண்டாம் வாரம், அவருக்கு நேர்கீழே ஏழாம் மாடியில் தனியாகப் படுத்திருந்த எனக்கு அந்தக் குரல் பொறுக்கவில்லை. மேலே ஓடிக் கதவைத் தட்டினேன்.

"அப்படி என்ன கிழிச்சிட்டாருன்னு புகழுறீங்க?"

அவர் கோபப்படவில்லை. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து, இருந்த ஒரே கோப்பையில் மைலோ கலக்கிக் கொடுத்தார். கட்டில் விளிம்பில் அமர்ந்தார்.

"என் வீட்டுக்காரி பிழைக்கணும்னு கேட்டேன், நடக்கல. பெர்த்துக்குக் குடிபோன மகன் திரும்பணும்னு கேட்டேன், அதுவும் நடக்கல. கேக்குறத விட்டுட்டேன் தம்பி. அதுக்காக அவரு பெரியவரு இல்லன்னு ஆயிடுமா? அவரு பரிசுத்தர். நான் தனி ஆளு. ரெண்டும் நிஜம்தான்."

மைலோவைக் குடிக்கமுடியாமல் அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆறு மணிக்குச் சத்தமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அந்த நிசப்தம் தாங்காமல் ஜன்னல் வழியே தலையை நீட்டினேன்.

"என்ன அங்கிள், லீவா?"

மேலே ஜன்னல் படாரெனத் திறந்தது. அன்றைக்கு முழங்கிய முழக்கத்தில் கீழ்மாடிக்காரர் ஒருவர் போலீசுக்கே போன் செய்துவிட்டார்.

இப்போது அங்கிள் முழங்கால் மடங்காமல், மார்சிலிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் ரயிலேறிப் போகிறேன். வாசல் பதிவேட்டில் உறவுமுறை என்று ஒரு கட்டம். முதல் வாரம் 'அண்டை வீட்டார்' என்று எழுதினேன். இப்போதெல்லாம் 'உடன்பிறந்தவர்' என்றே எழுதுகிறேன். இதுவரை யாரும் சந்தேகப்படவில்லை.