உப்புக் கோடும் ஒரு பொய்ச் சத்தியமும்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் போஜனமெல்லாம் வேளாவேளைக்குக் கிடைத்தது. புல்தான் முளைக்கவில்லை.

இது 2005-இல் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மரக்காணம் உப்பளத்துப் பையன்கள் சேர்ந்து நடத்திய ‘வெள்ளைத் தங்கம் கால்பந்துக் கழக’த்துக்கு நான்தான் செயலாளர். (பந்தை உதைக்கத் தெரியாதவனுக்கு வேறு என்ன பதவி கொடுப்பார்கள்?) சொந்தச் செலவில் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். எங்கள் ஜென்மப் பகை, சர்ச்சுத் தெரு மீனவப் பையன்களின் ‘விடிவெள்ளி’ கிளப். மேட்ச் நாளில் டீக்கடை பெஞ்சில்கூட இரண்டு கட்சியும் சேர்ந்து உட்கார மாட்டோம்.

அது சுனாமி வந்துபோன வருஷம். அவர்கள் பக்கம் படகுகள் உடைந்து கிடந்தன. எங்கள் பக்கம் சேற்றை வாரிப் பாத்தி கட்டி உப்பு எடுத்தோம். வாங்கத்தான் லாரி வரவில்லை. இரண்டு கிளப்புக்கும் ஜெர்சி, பந்து, வெளியூர் போக வேன் என்று எல்லாம் பார்த்துக்கொண்டவர் ஒரே ஆள், உப்பு மண்டி முதலாளி. அவர் இரண்டு செயலாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“என் உப்பே குவிஞ்சு கெடக்குது. ரெண்டு டீமுக்கு என்னால முடியாதுப்பா. ஆகஸ்ட்ல ஒரு மேட்ச் ஆடுங்க. ஜெயிக்கிறவனுக்குப் பொங்கலுக்கு எல்லாம் வாங்கித் தர்றேன். தோத்தவன் கிளப்ப மூடிட்டு வேலையப் பாரு.”

மேட்ச் எங்கள் மைதானத்தில். கோடு போடுவது என் பொறுப்பு. சுண்ணாம்பு வாங்கக் கிளப்பில் காசில்லை. இதை எப்படியோ மோப்பம் பிடித்து விடிவெள்ளியின் செயலாளர் அமல்தாஸ் வந்தான். ரொம்ப நல்லவன். (அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.)

“ஏம்பா சேகரு, சர்ச்சுக்கு வெள்ளையடிச்சதுல ஒரு மூட்டை சுண்ணாம்பு மிச்சம் இருக்குது. எடுத்துக்கோ.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “உப்பளத்துக்காரனுக்கு வெள்ளைக் கோடு போட உங்கிட்ட வாங்கணுமா? எங்க உப்பு இருக்குது, போ” என்றேன்.

சொன்னபடியே மேட்ச் அன்று காலை மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிக் கோடு போட்டேன். என்ன வெள்ளை தெரியுமா! வெயிலில் கண் கூசியது. மேட்டு மைதானம் முழுக்க என் கையெழுத்து போல நேராக, கம்பீரமாக ஓடியது. அதுவரை எந்தக் கிளப்பும் இப்படிக் கோடு போட்டதில்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஏன் போட்டதில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் ரோட்டோரத்து மோர்க் கடைக்குப் போனது. எங்கள் கோல்கீப்பர் செல்வத்தின் அம்மா வளர்த்த ஆடுகள் மைதானத்துக்கு வந்தன. ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். செயலாளருக்குத் தோன்றவில்லை. நாங்கள் திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடங்கியபோது, எங்கள் பக்கத்துப் பெனால்டி பாக்ஸ் ஆடுகளின் வயிற்றில் இருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். எங்கள் கோல் பக்கம் தரையில் பாதி புதைந்த ஒரு கல் உண்டு. சரியாக அந்தக் கல்லருகே, பந்தோடு பாய்ந்து வந்த விடிவெள்ளிப் பையனை எங்கள் ஆள் காலை வாரிவிட்டான். ரெஃப்ரி, கிளியனூரிலிருந்து வந்த டிரில் மாஸ்டர், விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து கீழே பார்த்தார். கோட்டைக் காணோம்.

“கோடு போட்டது யாருய்யா?”

“நான்தான் சார்.”

“இந்தக் கல்லு பாக்ஸுக்கு உள்ளயா, வெளியயா?”

உள்ளே என்றால் பெனால்டி. எங்கள் கிளப்புக்குப் பாடை கட்ட வேண்டியதுதான். கோடு போட்டபோது அந்தக் கல்லில் என் கட்டைவிரல் இடித்து நகம் பெயர்ந்திருந்தது. கல் எங்கே இருந்தது என்று என்னைவிடத் தெரிந்தவன் எவனும் இல்லை. குனிந்து, ஆடு மிச்சம் வைத்த உப்பை ஒரு பிடி அள்ளினேன்.

“வெளிய சார். இந்த உப்பு மேல சத்தியம்.”

உப்பளத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வெளியிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் வானத்துக்குப் போனது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானும் வெட்கமில்லாமல் கையாட்டினேன்.

பிறகு மழை வந்தது. கார்த்திகையில் மைதானம் முழுக்கப் புல். உப்பு இறங்கிய இடத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆடு நக்கியது போக மண்ணில் ஒட்டியிருந்த உப்பில் பெனால்டி பாக்ஸ் மொட்டைக் கோடாக, மூலை பிசகாமல் அப்படியே எழுந்து நின்றது. கல், கோட்டுக்கு இரண்டு முழம் உள்ளே.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானத்துக்குச் சர்ச்சுத் தெருவே திரண்டு வந்துவிட்டது. அடி விழும் என்று செல்வத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அமல்தாஸ் நேராகப் போய் அந்தக் கல்மேல் உட்கார்ந்தான்.

“செயலாளரே, நான் உள்ள உக்காந்திருக்கேனா, வெளிய உக்காந்திருக்கேனா?”

எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படகும் இல்லாமல் கிளப்பும் இல்லாமல் நிற்கிற பையன்களின் முகத்தை நான் பார்த்தேன்.

“உள்ளதான்” என்றேன்.

செல்வம் பல்லைக் கடித்தான்; ஆனால் போய்க் கோலில் நின்றான். மண்டி முதலாளிக்கு ஆள் போய், அவரும் குடையோடு வந்துவிட்டார். ஆகஸ்டில் கொடுத்திருக்க வேண்டிய பெனால்டியை டிசம்பரில் அடித்தார்கள். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

முதலாளி தலையைச் சொறிந்தார். “எவனும் ஜெயிக்கல. எங்கிட்ட இருக்கறது ஒரு செட் சட்டைக்குத்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கங்க, போங்க.”

அப்படித்தான் இரண்டு கிளப்பும் பிழைத்தன. எங்களுக்குள் மோதும்போது ஒரு டீம் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொள்ளும். சிரித்த ஊர்களை எல்லாம் அதே சட்டையில் தோற்கடித்திருக்கிறோம். நாலு மாதம் கழித்துப் பெனால்டி அடித்த ஊர் உலகத்தில் வேறு இருந்தால் காட்டுங்கள். இன்றைக்கும் அந்தக் கோட்டுக்கு நாங்கள் சுண்ணாம்பு வாங்குவதில்லை; வருஷத்துக்கு ஒரு மூட்டை உப்புதான். மூட்டையின் ஒரு முனையை அமல்தாஸ் பிடிப்பான்.

வீட்டில்தான் என் சத்தியத்துக்கு மரியாதை போய்விட்டது. நேற்று மீன் குழம்பு எப்படி என்று மனைவி கேட்டாள். பிரமாதம் என்றேன்.

உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்: “அப்பா, கல்லு மேல உக்காந்து சொல்லு.”