தீபாவுக்கு விழாத ஓட்டு

திருத்தணி மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடும் ராஜகோபால், அந்த வருஷம் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். டிவியில் நடக்கும் ‘கானக் கிரீடம்’ பாட்டுப் போட்டியில் பக்கத்து ஊர் கனகம்மாசத்திரத்துத் தீபாதான் ஜெயிக்க வேண்டும். அதற்கு வீட்டில் இருக்கிற இரண்டு போனும் தீபாவுக்கே ஓட்டுப் போட வேண்டும். இரண்டாவது போன் மனைவி அம்சாவுடையது என்பது ஒரு சின்ன விஷயம்.

ராஜகோபாலுக்குச் சந்தோஷம் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாத மாதிரி. கல்யாண மேளம் கேட்டால் தும்முவார். சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டால் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார். அப்படிப்பட்டவருக்கென்றே வாய்த்தது தீபாவின் குரல். அந்தப் பெண் தாலாட்டுப் பாடினாலும் தொட்டில் காலியாக இருப்பதாகத் தோன்றும். அவள் ஒரு சோகப் பாட்டு எடுத்த வாரம், பக்கத்துக் கொட்டகை எருமை பால் சுரக்க மறுத்துவிட்டதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. ஆனால் செய்யக்கூடிய எருமைதான்.

மற்றப் போட்டியாளர்களைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. காவடி எடுக்க வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் மலையேற வேண்டும். சாமிநாதன் தப்பே இல்லாமல் பாடுகிறான், அதுதான் அவனிடம் இருக்கிற தப்பு. அபியின் குரல் வெல்லப்பாகு. ஈ மொய்க்கும், பசி ஆறாது. அருள்முருகன் மேல்ஸ்தாயிக்குப் போவது தொந்திக்காரன் படியேறுகிற மாதிரி, பாதியில் உட்கார்ந்து சோடா குடித்துவிட்டுத்தான் மிச்சம். ஆகாஷ் பாடகனே இல்லை.

“குதிக்கிறதுக்கு நடுவுல மூச்சு வாங்குறான். அது பாட்டு மாதிரி கேக்குது, அவ்ளோதான்.”

துரதிர்ஷ்டம், அம்சா ஆகாஷ் கட்சி. அவள் பொதட்டூர்பேட்டை தறிக்காரர் வீட்டுப் பெண், ராஜகோபாலுக்கு மாமன் மகள். பாவா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடும் தொனியிலேயே அன்றைக்குக் குழம்பா வெறும் ரசமா என்று தெரிந்துவிடும்.

“நாள் பூரா உங்க மூஞ்சியப் பாத்துகினு கீறேன் பாவா. அந்த ஒரு மணி நேரமாவது சிரிக்கிற மூஞ்சியா பாக்குறேன், விடுங்க.”

போட்டியில் ஒரு போனுக்கு வாரம் ஒரு ஓட்டு. அம்சா குளிக்கப் போகும் சமயம் ராஜகோபால் அவள் போனை எடுப்பார். தீபா படத்தைத் தொடுவார். பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டு, பேப்பர் படிப்பார். குளித்துவிட்டு வந்து அம்சா ஆகாஷைத் தொட்டால், உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று போன் சொல்லும். அம்சா ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. ராஜகோபால் அதை வெற்றி என்று நினைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன மனுஷன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

இறுதிச் சுற்றில் தீபாவும் ஆகாஷும் மிஞ்சினார்கள். ஓட்டுத் தொடங்கிய அன்று காலையில் அம்சா மலைக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு கடைக்கு வந்தாள்.

“இன்னா, திடீர்னு மலைக்கு?”

“வேண்டிக்கினு வந்தேன் பாவா. தீபா ஜெயிச்சா உங்களுக்கு மொட்டை போடுறேன்னு.”

ராஜகோபால் கையிலிருந்த காவடி நழுவி மயிலிறகு சிதறியது.

அவர் தலைமுடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வம்சத்து ஆண்களுக்கு நாற்பது வயதில் நெற்றி பிடரியில் போய் முடியும். இவர் ஒருவருக்குத்தான் ஐம்பத்தெட்டிலும் உள்ளே போன சீப்பு வெளியே வர வழி கேட்கும். இந்த வயதில் எடுத்தால் திரும்ப முளைக்காது என்று அவருக்கு உள்ளூரப் பயம். ஊர்த் தலையெல்லாம் மலைக்குப் போய் வழவழவென்று திரும்பும். அவர் தலை மட்டும் வருஷா வருஷம் சளி, ஜலதோஷம் என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தது.

“நீ ஆகாஷ் கட்சியாச்சே?”

“ஆங். உங்களுக்காகத்தான் பாவா. நீங்க ஆசைப்பட்டதே நடக்கட்டுமேன்னு.”

“என் தலைக்கு நீ எப்படி வேண்டிக்கலாம்?”

“நீங்கதான கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொல்றீங்க. வேண்டினது யாரா இருந்தாலும் சாமி தலைக்காரனைத்தான் கேக்கும், குடுக்கலன்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னு.”

சொன்னது உண்மைதான். பெண்டாட்டி வேண்டுதலுக்கு முறைத்துக்கொண்டு வந்த எத்தனையோ புருஷன்மார் தோளில் அதைச் சொல்லித்தான் காவடியை ஏற்றியிருந்தார். அம்சா தன் போனைக் கல்லாமேல் வைத்தாள். தான் வீட்டுக்குப் போய்க் குளிக்கப் போவதாகவும், அதற்குள் அவர் தீபாவுக்குப் போட்டுவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ராஜகோபால் போனில் தீபா முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். இரண்டு போனிலும் ஆகாஷைத் தொட்டார்.

பயம் அதோடு விடவில்லை. கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் தீபாவுக்கு ஆளுயரப் படம் வைத்திருக்கிறார்கள் என்று பூக்கடை ஜெயம்மாள் சொன்னதும் அவருக்கு உச்சந்தலை கூசியது. ஆடிக்கிருத்திகைக் கூட்டம் வேறு. ஆகாஷுக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மயிலிறகு அடர்ந்த காவடி, மற்றவர்களுக்கு இறகு உதிர்ந்த கோழி மாதிரி இருப்பது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். வேலூர்க்காரர், சித்தூர்க்காரர் எல்லாரும் போட்டார்கள். பாட்டுப் போட்டியே பார்த்தறியாத நகரிக்காரர்கள் அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்துவிட்டு, அரோகரா என்று காவடியைத் தூக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறுதிச் சுற்று நடந்தது. தீபா கடைசியாக ஒரு பாட்டு எடுத்தாள். யாரையோ எரித்துவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறவரின் நடை அந்தப் பாட்டில் இருந்தது. ராஜகோபால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வாரம் இந்தக் குரல் தனக்காக அழுதது, இன்றைக்குத் தன்னால் அழுகிறது என்று தோன்றியது.

ஆகாஷ் ஜெயித்தான். வித்தியாசப்பட்ட ஓட்டுக்களை ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றார் அறிவிப்பாளர். தீபா மைக்கை வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“எங்க ஊர்ப் பக்கத்து சனங்க, திருத்தணிக்காரங்க, எல்லாரும் எனக்குத்தான் போட்டிருப்பாங்க. அவங்களை மறக்கமாட்டேன்.”

அம்சாகூடக் கை தட்டவில்லை. ராஜகோபால் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மலையேறினார். மயிருக்கு ஆசைப்பட்டு ஒரு பெண் பிள்ளையின் பாட்டை விற்றவனுக்கு மயிர் எதற்கு என்று படிக்குப் படி கேட்டுக்கொண்டே போனார். முடி எடுக்கிற இடத்தில் தலையைக் குனிந்து கொடுத்தார். ஆயுசு பூரா காப்பாற்றிய காடு ஈரமாகத் தரையில் விழுந்தது. சந்தனம் பூசிக்கொண்டு இறங்கும்போது தூறல் பிடித்தது. முதல்முறையாக மழை நேராகத் தலையில் விழுந்தது. குளிரும் நேராகவே இறங்கியது.

காபி டம்ளரோடு வாசலுக்கு வந்த அம்சா அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா பாவா இது? ஆகாஷ்தான ஜெயிச்சான்?”

“அவனை ஜெயிக்க வெச்சதே நான்தான். உன் வேண்டுதலுக்குப் பயந்துகினு அந்தப் பொண்ணுக்குத் துரோகம் பண்ணிட்டேன். பாவம் தொலையட்டும்னு குடுத்துட்டேன்.”

அம்சா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் அவர் தலையைத் துடைத்தாள். துடைப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. அவளுக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

“ஒரு பாட்டுப் போட்டிக்குப் போயி முருகனைத் தொந்தரவு பண்ணுவாங்களா, பாவா? மொட்டைன்னு உங்ககிட்டதான் சொன்னேன், அவர்கிட்ட நான் வாயே திறக்கல.”