புழுக்கைக்கு வந்த பதக்கம்

மனித நாகரிகம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளக்க விரும்புவோர், போர்ச்சுகலில் உள்ள அந்த மலை நகரத்துப் பழைய நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே வௌவால் புழுக்கைக்குத் தனிப் பதிவேடு உண்டு.

அதன் பொறுப்பாளர் ஒலிந்தா. இருபத்தாறு வருடமாக, மாலையில் கதவடைக்கும் முன் பழைய மேசைகளின் மேல் தோல் விரிப்புகளைப் போர்த்திவிட்டுப் போவாள். இருட்டியதும் அலமாரிகளின் பின்னாலிருந்து வௌவால்கள் வந்து, புத்தகம் அரிக்கும் பூச்சிகளைத் தின்று, விரிப்பின் மேல் புழுக்கை போடும். காலையில் அவள் எண்ணி எழுதிவிட்டுத் துடைப்பாள். முந்நூறு வருடப் புத்தகங்கள் முழுசாக இருந்தது அந்த வௌவால்களால்தான். சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு எதையும் அவை கேட்டதில்லை. எனவே அவற்றின் மேல் யாருக்கும் மரியாதை இல்லை.

இந்நிலையில், இயக்குநர் டோட்டோர் எவாரிஸ்து காலைக் காபிக்கென்று வைத்திருந்த கஸ்டர்ட் கேக்கை ஓர் எலி தின்றுவிட்டது. (அந்த நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரும் டோட்டோர்தான்; மரியாதைக்குரிய பெண்கள் எல்லோரும் டோனா. இவருடைய பட்டம் துறைமுக நிர்வாகத்தில். ஊரில் கடல் இல்லை.) உடனே 'எலி விவகார உயர்மட்டக் குழு' அமைந்தது. நான்கு அமர்வுகளுக்குப் பின் பரோன் என்ற பூனை 'துணை நூலகர் (எலிப் பிரிவு)' ஆக நியமிக்கப்பட்டது. நியமன ஆணையில் மூன்று முத்திரைகள். பரோன் அதை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

எலியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தி மயங்கும் நேரத்தில் வௌவால்கள் நுழைந்து வெளியேறும் மேல் சன்னலில் போய் உட்கார்ந்துகொண்டது. தினம் நாற்பதாக இருந்த புழுக்கை ஒன்பதானது. ஒரு மாதத்தில் ஒன்றும் இல்லை.

ஒலிந்தா பதறியடித்து இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"டோட்டோர், அந்தப் பூனையை அனுப்பிடுங்க. இப்ப அனுப்பினா தப்பிச்சுப் போன வௌவாலாவது கோடையில திரும்பி வரும். இல்லேன்னா பூச்சி மொத்தப் புத்தகத்தையும் தின்னு தீர்த்துடும்."

"எலி என்னாகும், டோனா ஒலிந்தா?"

"எலி உங்க மேசைக்கு அடியிலதான் இருக்கு."

டோட்டோர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். "பணிநீக்கம்னா சும்மாவா? மூணு தடவை விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பணும்."

"அது பூனை, டோட்டோர்!"

"அதனாலதான் விதிப்படி நடக்கணும். நாளைக்கு நம்மளை யாரும் மிருகம்னு சொல்லிடக் கூடாது."

அந்த நேரம் பார்த்து ஒரு கடிதம் வந்தது. வௌவால் பாதுகாப்புப் பேரவை வியாழக்கிழமை காலை பார்வையிட வருகிறது. பகலில் வௌவாலைத் தொந்தரவு செய்வது பேரவையின் கொள்கைக்கு விரோதம். புழுக்கையைப் பார்த்தால் போதும். திருப்தியாக இருந்தால் பதக்கம் உண்டு.

டோட்டோர் கடிதத்தை ஒலிந்தாவிடம் நீட்டினார். "வியாழக்கிழமை புழுக்கை வேணும். உங்களுக்குத்தான் இருபத்தாறு வருஷ அனுபவம் இருக்கே."

"துடைச்சிருக்கேன், டோட்டோர். போட்டதில்ல."

"பதக்கம் வந்த மறுநாளே பூனையை அனுப்பிடறேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்துக்காக, புதன்கிழமை மத்தியானம் ஒலிந்தா காபிச் சக்கையை ஊறிய ரொட்டியில் பிசைந்து நாற்பது உருண்டை உருட்டினாள். நிஜப் புழுக்கையை நசுக்கினால் பூச்சி இறக்கை மினுங்கும். இதில் மினுங்க ஒன்றுமில்லை. யாரும் நசுக்கிப் பார்க்காதவரை தப்பிக்கலாம்.

வியாழக்கிழமை காலை பேரவையிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தலைவி ஓர் உருண்டையை எடுத்து மோந்தார். "காபி வாசனை அடிக்குதே!"

 தலைவி குறிப்பேட்டைத் திறந்து கவனமாக எழுதினார்: 'இவ்வூர்ப் பூச்சிகள் காபி அருந்துகின்றன. மேலாய்வு தேவை.' ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். பதக்கம் கிடைத்தது.

மறுநாள் காலை ஒலிந்தா கூடையோடு வந்து நின்றாள். "பூனையைக் கொண்டுபோகட்டுமா, டோட்டோர்?"

"எதுக்கு?"

"சத்தியம் பண்ணினீங்களே!"

"யோசிச்சுப் பாருங்க. நாற்பது புழுக்கைன்னு பேரவையே கையெழுத்துப் போட்டிருக்கு. வௌவாலெல்லாம் பத்திரமா இருக்கறப்போ பரோன் மேல என்ன குத்தம் சொல்றது? நீங்க தினமும் நாற்பது போட்டுடுங்க."

ஒலிந்தா கூடையைக் கீழே வைத்தாள். இல்லாத வௌவால்களை இருப்பதாகக் காட்டியது அவள் கைதான். இனி அவை திரும்பவே முடியாதபடி செய்ததும் அதே கைதான். நேரே மண்டபத்துக்குப் போய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை உருவி விரிப்பின் மேல் வைத்துத் திறந்தாள். பக்கங்களுக்குப் பதிலாகப் பொடி கொட்டியது.

அவள் அதைத் துடைக்கவில்லை. பதிவேட்டை எடுத்து அன்றைய தேதியில் எழுதினாள்: 'இன்றைய எச்சம் அசல். இட்டவை புத்தகப் புழுக்கள். இந்தக் கட்டடத்தில் இப்போது வேலை செய்பவை அவை மட்டுமே.'

மாலையில் பதிவேடு டோட்டோர் எவாரிஸ்துவின் மேசைக்குப் போனது. வழக்கம்போல் அவர் படிக்காமல் கையெழுத்திட்டு, 'உண்மை' என்ற முத்திரையைக் குத்தினார்.