இரைச்சல் எங்கிருந்து வருகிறது

“ரேடியோ இரையுதுன்னு ரெண்டு தடவை திரும்பி வந்த டாக்ஸி. இன்னொரு தடவை வந்துச்சுன்னா, நாளைக்கு நீ வராதே” என்றார் முதலாளி. “போனை ஊமையாக்கிட்டியா?”

“ஆக்கிட்டேன் முதலாளி.”

பட்டறையில் மணி அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பழைய பட்டன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டாக்ஸியின் எஞ்சின் மூடியைத் திறந்தான் பியூஸ். இருபது வருஷமாக வண்டி வயர்களோடு மல்லாடியதில் சொந்தப் பெயர் மறந்து, இந்தப் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

எஞ்சின் வேகம் கூடினால் ரேடியோவும் கூடவே ஊளையிட்டது. துருப்பிடித்த எர்த் வயரைச் சுரண்டி முடுக்கினான். ஊளை நின்றது. டாக்ஸிக்காரர் ஒரு சுற்றுப் போய்வந்து, “சுத்தமா பாடுது” என்றார்.

எதற்கும் ஒரு தடவை என்று பியூஸ் உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

டிட்-டிட்-டிட், கொர்ர்ர்.

எஞ்சினை அணைத்தான். அணைந்த வண்டியிலும் கொர்ர்ர். வைப்பர், விசிறி, ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஏரியலை மாற்றினான். முன்பு எப்போதாவது ஒரு தடவை வந்த இரைச்சல், இப்போது நிமிஷத்துக்கு இரண்டு தடவை.

“நான் ஓட்டுறப்ப வரலையேப்பா. உன்னைக் கண்டாத்தான் அதுக்கு ஆகல.”

“எனக்கே என்னைக் கண்டா ஆகலண்ணே.”

கடைசியில் ரேடியோவையே வயரோடு வெளியே இழுத்து, மடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக் குனிந்து பார்த்தான். முன்னைவிடப் பெரிதாக இரைந்தது. கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். பியூஸுக்கு நாளைக்கு வேலை இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

அவர் கிட்டே வருவதற்குள் பட்டறை வாசலில் பியூஸின் மனைவி வந்து நின்றாள். கையில் போன்.

“வீட்டுச் சாவியை இடுப்புல சொருகிட்டு வந்துட்டீங்க. மத்தியானத்துலேர்ந்து வாசப்படியில உக்காந்திருக்கேன். எத்தனை தடவை கூப்பிடறது?”

“போனே வரலையே.”

“வரலையா? இதோ பாருங்க” என்று அங்கேயே நின்று அவன் நம்பருக்குப் பொத்தானை அழுத்தினாள்.

மடியில் ரேடியோ கொர்ரென்றது. நிறுத்தினாள், அடங்கியது. மறுபடி அழுத்தினாள். கொர்ர்ர்.

முதலாளி பியூஸின் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தார். டாக்ஸிக்காரர் முதலாளியைப் பார்த்தார்.

மனைவி சாவிக்குக் கை நீட்டினாள்.

“ரேடியோவுக்கெல்லாம் கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல.”